ஆட்டம் அதுதான், வீடுதான் வேறு: பழைய கணினி ஆர்பிஜிகளும் அவற்றின் கன்சோல் போர்ட்டுகளும்

பழைய கணினி ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஆடணும், கன்சோல்ல வந்தது வெட்டி ஒட்டினது" என்பது ஒன்று. (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிதான் கன்சோல்.) "எல்லாம் ஒரே கேம்தானே, படம்தானே மாறியிருக்கு" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். நானும் பல வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது ஆட்டத்தின் சட்டை மட்டும்தான். இந்த வகை ஆட்டங்களின் உயிர் விதிகளில் இருக்கிறது. எதைக் கேட்கலாம், எதைச் செய்யலாம், செய்ததை ஆட்டம் எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கும் என்பதெல்லாம் அந்த விதிகள்தான். அவை வேறு இயந்திரத்துக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கேம் பற்றி ஒன்றும் தெரியாதவரும் படிக்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம். நீங்கள் ஒரு வீரனாகவோ ஆறேழு பேர் கொண்ட குழுவாகவோ ஒரு கற்பனை உலகத்தில் அலைவீர்கள். ஒவ்வொருவருக்கும் பலம், உயிர், கவசம் என்று எண்கள் உண்டு. வாளை வீசினால் அது பட்டதா இல்லையா என்பதை ஆட்டம் உள்ளுக்குள் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிக்கும். முன்பு நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, கணக்குப் போட்டு ஆடியதைக் கணினி தானே செய்துகொண்டது. 1981-ல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய 'விசார்ட்ரி', ரிச்சர்ட் காரியட் தொடங்கிய 'அல்டிமா' வரிசை இரண்டும் இந்த வகைக்குத் தாய் தந்தை மாதிரி. ஜப்பானில் யூஜி ஹோரி 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' செய்தபோது அவர் முன்னால் இருந்த முன்மாதிரிகளும் இவைதான்.

அடுத்த சொல் போர்ட். ஓர் இயந்திரத்துக்காக எழுதிய ஆட்டத்தை இன்னோர் இயந்திரத்தில் ஓடும்படி மறுபடி செய்வதற்கு அந்தப் பெயர். வீடு மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டு வீட்டிலிருந்து இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்குப் போகிறீர்கள். கட்டில் வாசலில் நுழையாது. கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஊஞ்சலுக்குக் கொக்கி இல்லை, விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் புது வீட்டில் லிஃப்ட் இருக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். குடும்பம் அதேதான், வாழ்கிற விதம் கொஞ்சம் மாறிவிடும்.

எமுலேட்டர் என்று ஒன்று உண்டு; அது வேறு. பழைய வீட்டையே அப்படியே பெயர்த்து இன்னோர் இடத்தில் வைப்பது போல, பழைய இயந்திரத்தையே மென்பொருளாகப் போலி செய்து, அதற்குள் பழைய ஆட்டத்தை ஒரு எழுத்து மாறாமல் ஓட்டுவது. இதையும் போர்ட்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் வாக்குவாதங்களே பாதி இருக்கும்.

26 எழுத்துகளும் 2 பட்டன்களும்

ஒரே ஆட்டத்தைப் பிடித்துக்கொள்வோம். 1985-ல் ஆப்பிள் 2-க்கு வந்த 'அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்'. தலைப்பில் இருப்பது நம் 'அவதாரம்' என்ற சொல்தான். இந்த ஆட்டத்தில் கடைசியில் கொல்ல வேண்டிய வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நற்குணங்களிலும் தேறி அவதாரமாக வேண்டும். ஆன்மிகத்தின் கோயிலில் சொல்ல வேண்டிய மந்திரம் 'ஓம்'. முதல் முறை அதை டைப் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கணினியில் இதை ஆட கீபோர்டு வேண்டும். ஏ அடித்தால் தாக்குதல், பி அடித்தால் கப்பலில் ஏறுதல், ஜே அடித்தால் பூட்டை நெம்புதல், டி அடித்தால் பேசுதல். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு கட்டளை உண்டு, ஒன்றுகூடச் சும்மா இல்லை. பாத்திரங்களின் எண்களைப் பார்க்க 'ஸ்டாட்ஸ்' என்று கட்டளை வைக்க வேண்டும்; எஸ் எழுத்தைத் தேடுதலுக்குக் கொடுத்தாயிற்று; மிச்சம் இசட்தான். அதனால் அந்தக் கட்டளைக்கு 'இசட்ஸ்டாட்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மந்திர வித்தைகளும் சரியாக 26, எழுத்துக்கு ஒன்று. அதாவது கீபோர்டு இந்த ஆட்டத்துக்கு வெறும் கருவியாக நிற்கவில்லை. ஆட்டத்தில் எத்தனை வித்தை இருக்கலாம் என்பதையே அதுதான் முடிவு செய்திருக்கிறது.

இப்போது இதைக் கொண்டுபோய் நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலில் வைக்க வேண்டும். அதன் பேடில், அதாவது கையில் பிடித்து அழுத்தும் பலகையில், நாலு திசைக்கு ஒரு சிலுவைப் பொத்தான், ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட், அவ்வளவுதான். 26 சாவிகள் போட்டிருந்த கொத்தை நாலு பொத்தானுக்குள் அடக்கியாக வேண்டும்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் மெனு. ஒரு பொத்தானை அழுத்தினால் செய்யக்கூடியவை பட்டியலாக வரும், நகர்த்தித் தேர்ந்தெடுக்கலாம். இதில் சின்ன லாபம் ஒன்று இருக்கிறது. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'நெம்புவதற்கு எந்த எழுத்து?' என்று தேட வேண்டாம், எல்லாம் கண் முன்னால் இருக்கும். சின்ன நஷ்டமும் உண்டு: ஒரு தட்டில் முடிந்த காரியத்துக்கு இப்போது நாலைந்து தட்டு. பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அதுதான் பேச்சு.

தெரியாத சொல்லைக் கேட்க முடியாது

கணினியில் அல்டிமா 4-ன் ஊர்களில் ஒருவரிடம் போய்ப் பேசினால் அவர் என்ன வேண்டும் என்பது போல நிற்பார். நீங்கள்தான் சொல்லை டைப் செய்ய வேண்டும். 'நேம்' என்றால் பெயர் சொல்வார், 'ஜாப்' என்றால் தொழில் சொல்வார், 'ஹெல்த்' என்றால் உடல் எப்படி இருக்கிறது என்பார். இது எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் இன்னும் ஓரிரு சொற்கள் ஒளிந்திருக்கும். அவர் பதிலில் வரும் ஒரு சொல்லைப் பிடித்து மறுபடி கேட்டால் கதவு திறக்கும். சில சமயம் அந்தச் சொல் அவர் வாயிலிருந்தே வராது. வேறோர் ஊரில் வேறொருவர் "இன்னாரிடம் போய் இதைக் கேள்" என்று சொல்லியிருப்பார். அதை நோட்டில் குறித்து வைத்திருந்தால்தான் உண்டு.

பிச்சைக்காரருக்குக் காசு கொடுப்பதும் இப்படித்தான். டி அடித்து, திசை காட்டி, அவரிடம் பேசத் தொடங்கி, 'கிவ்' என்று நீங்களாகவே டைப் செய்ய வேண்டும். எவ்வளவு என்று கேட்கும், எண்ணைச் சொல்ல வேண்டும். இரக்கம் என்ற கணக்கில் உள்ளுக்குள் புள்ளி ஏறும். 'கொடுக்கிறாயா?' என்று ஆட்டம் உங்களைக் கேட்காது, கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும்.

பேடை வைத்துக்கொண்டு சொல்லை டைப் செய்ய முடியாது. முடியும் என்று வைத்தாலும் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தித் தேர்ந்தெடுத்து 'ஹெல்த்' என்று எழுதி முடிப்பதற்குள் எதிரே நிற்பவருக்கே உடல்நிலை கெட்டுவிடும். 1990-ல் அமெரிக்காவில் வந்த என்இஎஸ் போர்ட்டில் உரையாடல்களை நன்றாகச் சுருக்கிவிட்டார்கள். ஆளிடம் போனால் அவர் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிடுகிறார். அதே வருஷம் செகா மாஸ்டர் சிஸ்டம் என்ற இன்னொரு கன்சோலில் வந்த போர்ட் கணினிப் பதிப்புக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் நினைத்த சொல்லை எழுத வழியில்லை, முன்னால் வரும் சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பூட்டிய அறையை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியில் சொல்தான் சாவி. அந்தச் சாவி உங்களிடம் இருக்கிறதா என்பது ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது, அது உங்கள் நோட்டிலும் மூளையிலும் இருக்கிறது. பட்டியல் வந்தவுடன் எல்லாச் சாவிகளும் சுவரில் தொங்குகின்றன, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று திறந்துவிடும். கதை அதேதான், ஊரும் ஆளும் அதே. ஆனால் கண்டுபிடிப்பது என்ற வேலை, கேட்டுக்கொள்வது என்ற வேலையாகிவிட்டது.

நற்குணங்களைப் பற்றிய ஆட்டத்தில் இது எனக்கு மிகப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. படம் நன்றாக இருக்கிறதா என்பது அதற்கு அப்புறம்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: போர்ட்டில் முதலில் மாறுவது கை. எத்தனை பொத்தான் என்பது மாறினால் எதைக் கேட்கலாம் என்பது மாறுகிறது. அது மாறினால் ஆட்டம் உங்களிடமிருந்து எதிர்பார்ப்பதும் மாறிவிடுகிறது.

கிடங்கும் அலமாரியும்

"கன்சோலுக்குச் சக்தி பத்தாது" என்பதுதான் அடுத்துக் காதில் விழும் பேச்சு. கொஞ்சம் எண்களைப் பார்க்கலாம்.

ஆப்பிள் 2-ன் மூளை 6502 என்ற சிப். ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். என்இஎஸ்ஸின் மூளையும் அதே 6502 குடும்பம்தான், வேகம் ஏறக்குறைய 1.79 மெகாஹெர்ட்ஸ். அதாவது கன்சோல்தான் வேகமானது! ஆனால் ராம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், அல்டிமா 4 கேட்ட ஆப்பிளில் 64 கிலோபைட். என்இஎஸ்ஸில் 2 கிலோபைட் மட்டும்.

இதைப் படித்தவுடன் தலையில் கை வைக்க வேண்டாம். இரண்டு இயந்திரங்களும் பொருளை வைக்கும் விதமே வேறு. ஆப்பிளில் ஆட்டம் ஃபிளாப்பி வட்டில் இருக்கும். அது ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கு மாதிரி. எது வேண்டுமானாலும் போய் எடுத்துவந்து கடையின் மேசைமேல், அதாவது ராமில், வைத்த பிறகுதான் வியாபாரம். அதனால்தான் மேசை பெரிதாக இருக்க வேண்டும். அல்டிமா 4-ன் உலக வரைபடம் 256க்கு 256 கட்டம். கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலும் 64 கிலோபைட் ஆகிவிடும். முழு மேசையும் அதற்கே போய்விடும். எனவே நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள துண்டை மட்டும் வட்டிலிருந்து எடுத்துவருவார்கள். நடந்துகொண்டே இருக்கும்போது டிரைவ் கரகரவென்று சத்தம் போடுவது அதற்குத்தான். ஊருக்குள் நுழைந்தால் வட்டை மாற்றச் சொல்லும்.

கன்சோலில் ஆட்டம் கார்ட்ரிட்ஜில் இருக்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் கேசட். அதற்குள் இருப்பது ரோம். எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும் நினைவகம். இது கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரி. கையை நீட்டினால் பொருள் வந்துவிடும், மேசைமேல் பரப்பவே வேண்டாம். அதனால்தான் 2 கிலோபைட் மேசையோடு அவர்களால் கடை நடத்த முடிந்தது. காத்திருப்பும் இல்லை, வட்டு மாற்றுவதும் இல்லை.

கணினியில் ஆடியவர்கள் இந்த லாபத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு ஊருக்குள் போய் வர அரை நிமிஷம் ஆகுமா, கண் இமைக்கும் நேரம் ஆகுமா என்பது ஆட்டத்தின் சுவையை மாற்றாதா என்ன?

அலமாரிக்கும் ஒரு குறை உண்டு: இடம் சின்னது. அல்டிமா 4 ஆப்பிளில் நாலு வட்டுப் பக்கங்களில் வந்தது, பக்கத்துக்கு 140 கிலோபைட். என்இஎஸ் கேசட்டுகள் பெரும்பாலும் 128 முதல் 512 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும்; ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் சிப் வாங்கும் செலவு இருந்தது. படமும் இசையும் கூடுதலாக வேண்டும் என்றால் எழுத்தைக் குறைக்கத்தான் வேண்டும். உரையாடல் சுருங்கியதற்குப் பேடு பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

குழுவும் சுருங்கியது. கணினியில் உங்களோடு சேர்த்து எட்டுப் பேர், குணத்துக்கு ஒருவர். கடைசிப் பாதாளத்தின் முடிவைத் தொட எட்டுப் பேரும் வேண்டும். என்இஎஸ்ஸில் ஒரு நேரத்தில் நாலு பேர்தான் கூட வர முடியும். கேட்பதற்குச் சின்னக் குறைப்புதான். எட்டு குணங்களையும் ஒன்றாகச் சேர்த்து நடப்பது என்ற எண்ணத்தின் மீதே கட்டிய ஆட்டத்தில் நாலு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போவது என்பது வேறு விஷயம்.

செய்ததை நினைவில் வைப்பது

ரோமில் எழுத முடியாது என்றால் ஆட்டத்தை எங்கே சேவ் செய்வது? கேசட்டுக்குள்ளேயே 8 கிலோபைட் ராம் ஒன்றை வைத்து, மின்சாரம் போனாலும் அது மறக்காமலிருக்கக் காசு அளவிலான பேட்டரி ஒன்றைப் பற்றவைத்துவிடுவார்கள். 90-களில் எங்கள் ஊரில் 'டிவி கேம்' என்று விற்ற நகல் பெட்டிகளில் நான் பார்த்த, ஒன்றுக்குள் நூறு ஆட்டம் என்ற கேசட்டுகளில் இந்தப் பேட்டரி இருந்ததே இல்லை. அதனால் மரியோவும் கான்ட்ராவும் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆர்பிஜி என்ற சொல்லே தெரியாது.

ஆட்டம் எவ்வளவு நினைவில் வைக்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு இடம் வேண்டும். பின்னாளில் 'டயாப்லோ' 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது அதன் சேவ் கோப்பு மெமரி கார்டின் 15 கட்டங்களில் 10-ஐ விழுங்கியது. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த அரக்கன் செத்தான், தரையில் நீங்கள் போட்ட கோடாலி எங்கே கிடக்கிறது என்று எல்லாவற்றையும் அது குறித்து வைக்க வேண்டும். கணினியில் யாரும் இதைக் கவனித்ததே இல்லை. ஹார்ட் டிஸ்கில் அது ஒரு துளி. கன்சோலில் ஒரு ஆட்டத்துக்காகவே கார்டு வாங்க வேண்டியதாயிற்று.

2002-ல் வந்த 'மாரோவிண்ட்' என்ற ஆர்பிஜியின் கதை இன்னும் வேடிக்கை. எக்ஸ்பாக்ஸில் 64 மெகாபைட் ராம்தான். ஆடிக்கொண்டே இருந்தால் நினைவகம் நிரம்பிவிடும். அதற்கு அவர்கள் செய்த தந்திரத்தை ஆட்டத்தை உருவாக்கிய குழுவின் தலைவர் டாட் ஹோவர்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: லோடிங் படம் திரையில் நிற்கும்போதே பின்னால் கன்சோலைச் சத்தமில்லாமல் ரீபூட் செய்துவிடுவார்கள். ஆடுகிறவருக்கு லோடிங் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

கைக்கோலமும் அச்சுக்கோலமும்

படத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அதிலும் உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது. வாசலில் கோலம் போட இரண்டு வழி. விரலால் கோடு கோடாக இழுப்பது ஒன்று. துளை போட்ட அச்சை வைத்துப் பொடியைத் தட்டுவது இன்னொன்று. அச்சு வேகமானது, ஆனால் உங்களிடம் இருக்கும் அச்சுகளில் உள்ளதைத்தான் போட முடியும்.

அக்காலக் கணினிகள் கைக்கோல வகை. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் நிரல் நேராக மாற்றலாம். என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ போன்ற கன்சோல்கள் அச்சுக்கோல வகை. 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களை அடுக்கித் திரையை நிரப்பும். இந்தச் சதுரத்துக்கு டைல் என்று பெயர். மேலிருந்து பார்க்கும் அல்டிமா மாதிரி ஆட்டத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். காடு, மலை, தண்ணீர் எல்லாமே சதுரங்கள்தான். ஆப்பிளில் 11க்கு 11 கட்டம் கொண்ட சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்த உலகம் என்இஎஸ்ஸில் முழுத் திரைக்கு விரிந்து வழுக்கிக்கொண்டு நகர்ந்தது இதனால்தான்.

'டஞ்சன் மாஸ்டர்' வந்தபோதுதான் சிக்கல். 1987-ல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த ஆட்டம். நீங்கள் சுரங்கத்துக்குள் நிற்பதுபோல், கண் உயரத்திலிருந்து காட்டும். ஓர் அடி வைத்தால் சுவர், கதவு, தரையில் கிடக்கும் எலும்பு, தூரத்தில் நிற்கும் பூதம் எல்லாம் அளவு மாறி, புள்ளி புள்ளியாக மறுபடி வரையப்பட வேண்டும். சுத்தமான கைக்கோலம். சூப்பர் நின்டெண்டோவின் மூளை இதைச் செய்து, பிறகு டைல் வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதற்குள் ஆடுகிறவர் தூங்கிவிடுவார். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கேசட்டுக்குள்ளேயே தனியாக ஒரு உதவிச் சிப்பை வைத்தார்கள், பெயர் டிஎஸ்பி-2. எஸ்டி வடிவத்தில் இருக்கும் படத்தைச் சூப்பர் நின்டெண்டோ வடிவத்துக்கு மாற்றுவது அதன் முக்கிய வேலை. படத்தைச் சின்னதாக்கிப் பெரிதாக்குவதிலும் கை கொடுத்தது. அந்தச் சிப்பைப் பயன்படுத்திய ஒரே ஆட்டம் இதுதான்.

ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தால் இரண்டு பதிப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். "இதில் ஒன்றும் மாறவில்லையே" என்பார்கள். ஒன்றும் மாறாமல் இருப்பதற்குத்தான் கேசட்டுக்குள் இன்னொரு சிப் தேவைப்பட்டிருக்கிறது.

ஆக, கை, இடம், கண் மூன்றும் மாறுகின்றன. இனிமேல் வருவது இவை எதிலும் சேராதது.

உள்ளே உருளும் தாயக்கட்டை

'விசார்ட்ரி' 1987-ல் ஃபாமிகாமுக்கு வந்தது. என்இஎஸ்ஸுக்கு ஜப்பானில் பெயர் ஃபாமிகாம். என் கணக்கில் இது மிக அருமையான போர்ட்டுகளில் ஒன்று. ஆப்பிளில் வெறும் கோடுகளால் வரைந்த சுரங்கம்; ஃபாமிகாமில் ஜுன் சுயேமியின் அசுரர்கள், கென்டாரோ ஹனேடாவின் இசை. மந்திரத்தின் பெயரை 'டில்ட்டோவெயிட்' என்று எழுத்துப் பிசகாமல் டைப் செய்ய வேண்டியதும் இல்லை.

அதில் ஒரு பிழை இருந்தது. விசார்ட்ரியில் ஒவ்வொருவருக்கும் ஆர்மர் கிளாஸ் என்ற எண் உண்டு. சட்டை மட்டும் போட்டிருந்தால் 10, நல்ல கவசம் போடப் போட இறங்கிக்கொண்டே வரும். எண் குறையக் குறைய எதிரியின் அடி படுவது குறைய வேண்டும். இந்த முதல் ஃபாமிகாம் பதிப்பில் அந்த எண் திரையில் ஒழுங்காக இறங்கும், ஆனால் சண்டைக் கணக்கில் வேலையே செய்யாது. பல மணி நேரம் சுரங்கத்தில் அலைந்து, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த கவசம் வெறும் அலங்காரம்!

ஆடுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? தாயக்கட்டை திரைக்குப் பின்னால் அல்லவா உருளுகிறது. அடி பட்டால் நம் கெட்ட நேரம் என்று நினைத்துக்கொள்வோம். எந்த ஸ்கிரீன்ஷாட்டும் எந்த வீடியோவும் இதைக் காட்டாது. நிரலைப் பிரித்துப் பார்த்தவர்களோ உட்கார்ந்து எண்ணிக் கணக்கெடுத்தவர்களோதான் சொல்ல முடியும். விதிகளைப் பார்க்காமல் போர்ட்டை மதிப்பிடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மொழியும் சேர்ந்தே வீடு மாறுகிறது. விசார்ட்ரியில் 'பிளேட் குசினார்ட்' என்று ஒரு வாள் உண்டு. அமெரிக்கர்களுக்கு அது கேலி. குசினார்ட் என்பது அங்கே சமையலறையில் காய் நறுக்கும் மிக்ஸியின் பிராண்டு பெயர். ஜப்பானில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, அதனால் குசினார்ட் என்ற மாபெரும் கொல்லன் அடித்த வீர வாளாக அது பயபக்தியோடு நிலைத்துவிட்டது. சிரிப்புக்கு எழுதிய ஆட்டம் கடல் தாண்டியதும் கம்பீரமாகிவிட்டது. எது மேல்? எனக்கு இரண்டும் பிடிக்கும்.

எந்தப் புள்ளியில் அது போர்ட் இல்லாமல் போகிறது

'அல்டிமா 7' 1992-ல் கணினிக்கு வந்தது. டிரின்சிக் என்ற ஊரின் குதிரை லாயத்தில் கோரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கும் ஓர் உடலில் கதை தொடங்கும். கூட்டாளிகள் உங்களோடு வருவார்கள், மாவு பிசைந்து அடுப்பில் ரொட்டி சுடக்கூட முடியும். 1994-ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த பதிப்பில் கொலை ஆள் கடத்தலாகிவிட்டது, கூட்டாளிகள் காணாமல் போனார்கள், சண்டை பொத்தானை அழுத்தி வெட்டும் வகைக்கு மாறிவிட்டது. கணினிப் பதிப்பு குறைந்தது 2 மெகாபைட் ராம் கேட்டது. சூப்பர் நின்டெண்டோவில் இருந்தது 128 கிலோபைட். வீட்டுச் சாமான் ஒன்றும் வரவில்லை, பெயர்ப் பலகை மட்டும் வந்திருக்கிறது. இதை மோசமான போர்ட் என்று திட்டுவதைவிட, அதே பெயரில் இன்னோர் ஆட்டம் என்று விட்டுவிடுவது நியாயம் என்பேன்.

ஒப்பிட உட்காரும்போது

ஒன்றைக் கவனியுங்கள். 'கணினிப் பதிப்பு' என்று ஒரே ஒரு பதிப்பு கிடையாது. அல்டிமா 4-க்கு ஆப்பிளில் இசை வேண்டுமென்றால் மாக்கிங்போர்டு என்ற தனி ஒலி அட்டை வேண்டும். டாஸ், அதாவது அக்கால ஐபிஎம் வகை பிசிகளுக்கான பதிப்பில் இசையே இல்லை. இன்று பலர் டாஸ் பதிப்பில் ரசிகர்கள் செய்த பேட்ச்சைப் போட்டு, புதுப் படமும் இசையும் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்கிறார்கள். 1987-ல் அந்த டாஸ் வட்டை வாங்கியவருக்குக் கிடைத்தது மௌனம். 1990-ல் கேசட் வாங்கியவருக்கு ஸ்பீக்கர் நிறைய இசை வந்தது.

அதனால் நான் செய்வது இது. இரண்டு பதிப்பிலும் ஒரே ஊருக்குப் போவேன், ஒரே ஆளைப் பார்ப்பேன். அவரிடமிருந்து ஒரே செய்தியை வாங்க எத்தனை தட்டு ஆகிறது, நானாக யோசித்துக் கேட்டேனா அல்லது அவராகவே கொட்டிவிட்டாரா, ஒரு பதிப்பில் செய்ய முடிந்த எது இன்னொன்றில் முடியவில்லை என்று குறித்துக்கொள்வேன். ஒரு சாயங்காலம் போதும், ஆட்டத்தை முடிக்க வேண்டியதில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு அல்டிமா 4-ன் டாஸ் பதிப்பு ஜிஓஜி தளத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு அப்புறம் கன்சோல் பதிப்பைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பிரிட்டன் என்ற ஊரில் யாராவது ஒருவர் உங்களிடம் இன்னொருவரின் பெயரையும் ஒரு சொல்லையும் சொல்வார், அதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.